சமூகத் திட்டங்களுக்குத் தரும் நிதி: கேட்டு வாங்கிப் பார்த்ததில் என் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. கொடுக்கும் பணத்துக்காகவும், அதைப் பரிசீலிக்க உட்காரும் ஆட்களின் அக்கறைக்காகவும் அந்த மூன்றரை. மீதி ஒன்றரை எங்கே போனது என்பதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் அக்கம்பக்கத்துக்காக ஏதாவது செய்ய நினைப்பவருக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணம் நிறையவே இருக்கிறது. அது யார் கைக்கு எளிதாகப் போகிறது, யார் பாதி வழியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

நாங்கள் கேட்டது பெரிய காரியத்துக்கு இல்லை. ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டுகளைச் சொல்லித்தருவது, அவ்வளவுதான். பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல், மலாய்க்காரர்களின் சொங்காக், அப்புறம் அங்கே கல்மேசையில் தினமும் சீனச் சதுரங்கம் ஆடும் அங்கிள்களையும் சேர்த்துக்கொள்வது. யோசனை எங்கள் மாடியில் இருக்கும் ஒரு பாட்டியுடையது. பேரப்பிள்ளைகள் கைப்பேசியை விட்டு நிமிர்வதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் புளியங்கொட்டையை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து புளோக்கில் மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மா தன் சொங்காக் பலகையைக் கொண்டுவந்தார். பல்லாங்குழியில் இரண்டு வரிசையிலும் ஏழேழு குழி. சொங்காக்கிலும் அதே ஏழேழுதான், ஆனால் இரண்டு முனையிலும் சேர்த்துவைக்க ஒவ்வொரு பெரிய குழி உண்டு. அதை வைத்து யாருடைய விளையாட்டு மூத்தது என்று இரண்டு பேரும் மலாயில் வாதாடியதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இதை ஒழுங்காகச் செய்வோம், பணம் கேட்போம் என்று முடிவெடுத்தோம்.

சரி, யாரிடம் கேட்பது? இங்கேதான் முதல் சிக்கல். எந்தக் கதவைத் தட்டுவது என்று கண்டுபிடிக்கவே ஒரு தனி அறிவு வேண்டும். நகர மன்றம் இருக்கிறது. 1986-ல் அங் மோ கியோவில் முன்னோடியாகத் தொடங்கி, 1988-ல் சட்டமாகி, நாம் மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் புளோக்கைக் கூட்டிப் பெருக்கி, விளக்குப் போட்டு, மின்தூக்கியைப் பார்த்துக்கொள்வது அது. அந்தப் பணத்தை இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. கட்டணத்திலும் அரசு மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காட்டை எதிர்காலப் பெரிய பழுதுகளுக்கான நிதியிலும், இன்னும் 14 விழுக்காட்டை மின்தூக்கி மாற்றும் நிதியிலும் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. மீதியில் அன்றாடச் செலவு. அதனால் நகர மன்றத்திடம் போய் பல்லாங்குழிப் பலகைக்குப் பணம் கேட்பது பொருந்தாது. ஆனால் இடம் அவர்களுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்புறம் சமூக மேம்பாட்டு மன்றங்கள். 1997-ல் ஒன்பதாகத் தொடங்கி 2001-ல் ஐந்தாகச் சுருக்கப்பட்டவை: மத்திய, வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். பெரும்பாலோருக்குக் கடைகளில் செலவழிக்க வீட்டுக்கு வரும் பற்றுச்சீட்டு மூலம்தான் இந்தப் பெயரே தெரியும், ஆனால் வட்டார அளவில் உதவித் திட்டங்கள் நடத்துவதும், நன்கொடையாளர்களையும் அமைப்புகளையும் ஒன்றுசேர்ப்பதும் அவற்றின் பழைய வேலை. அடித்தள அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பான மக்கள் கழகத்தின் கீழே சமூக மன்றங்கள், வசிப்போர் குழுக்கள், நம்மவர்களுக்கென்று சமூக மன்றங்களில் இயங்கும் இந்திய நற்பணிச் செயற்குழுக்கள், அவற்றுக்கு மேலே நற்பணிப் பேரவை. தமிழ் சார்ந்த நிகழ்ச்சி என்றால், ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடத்தும் வளர்தமிழ் இயக்கம்.

தனி மனிதர்கள் சேர்ந்து கேட்கும்படி இருந்தது 'நம் சிங்கப்பூர் நிதி'. நாட்டின் 50-ஆம் ஆண்டுக்கான எஸ்ஜி50 கொண்டாட்ட நிதிக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 2016-ல் 2.5 கோடி வெள்ளியுடன் கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு தொடங்கியது. தொடங்கியபோது தகுதியுள்ள செலவில் 80 விழுக்காடு வரை, ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 20,000 வெள்ளி என்று வைத்தார்கள். பொது இடங்களைக் கலகலப்பாக்குவதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் சேர்ந்து நடத்தும் 'லைவ்லி பிளேசஸ்' திட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் சார்ந்தது என்றால் 2020-ல் 5 கோடி வெள்ளியுடன் தொடங்கிய எஸ்ஜி ஈக்கோ நிதி, அதிலேயே சின்னத் திட்டங்களுக்கு 10,000 வெள்ளி வரை தரும் தனிப்பிரிவு. ஒரே திட்டத்தின் ஒரே செலவுக்கு இரண்டு அரசு நிதியில் கை நீட்டக்கூடாது, அது நியாயம்தான். ஆனால் எதில் நீட்டுவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். தவறான கதவைத் தட்டினால் சரியான கதவைக் காட்டுவதற்கு ஆள் இருக்க வேண்டாமா? 2024 ஜனவரியில் அரசாங்கத்துடன் சேர்ந்து பணியாற்ற விரும்பும் குடிமக்களுக்கென்றே ஒரு பங்காளித்துவ அலுவலகத்தைத் திறந்தார்கள். அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புளோக்கில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒன்று இருப்பது தெரியவில்லை, அதுதான் வருத்தம்.

நிகழ்ச்சி நடத்துவது ஒரு வகை என்றால், கட்டுமானம் இன்னொரு வகை. கூரையிட்ட நடைபாதை, சரிவுப்பாதை, விளையாட்டுத்திடல், உடற்பயிற்சி மூலை, இவற்றுக்குப் பணம் வரும் வழியே வேறு. பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது நன்றாகத் தெரிவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

தேசிய வளர்ச்சி அமைச்சு நடத்தும் சமூக மேம்பாட்டுத் திட்ட நிதியில் 90 விழுக்காடு வரை அரசு கொடுக்கும், பாக்கியை நகர மன்றம் போடும். கணக்கு ரொம்பத் தாராளம். ஆனால் எந்த நடைபாதைக்கு முதலில் கூரை என்று பரிந்துரைப்பது அந்தத் தொகுதியின் குடிமக்கள் ஆலோசனைக் குழு. அந்தக் குழுவினரை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, மக்கள் கழகம் நியமிக்கிறது. ஆளும் கட்சி வென்ற தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினரே அந்தக் குழுவுக்கு வழிகாட்டும் அடித்தள ஆலோசகராகவும் இருப்பார், நகர மன்றமும் அவர் பக்கம்தான், பேச்சு சுலபமாக நடக்கும். எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் நகர மன்றத்தை நடத்துபவர் ஒருவர், ஆலோசகராக நியமிக்கப்படுபவர் இன்னொருவர். நகர மன்றம் விரும்பும் திட்டம் அந்தக் குழுவைத் தாண்டித்தான் போக வேண்டும். இது நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்ட விஷயம். யார் எந்தக் கட்சி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. மழையில் நனைந்துகொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் மூதாட்டிக்கு அந்தக் கூரை வேண்டும், அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது கூரைக்குத் தெரிய வேண்டியதில்லை. பரிந்துரைக்கும் குழு எதை முதலில் வைத்தது, எதைத் தள்ளிவைத்தது, ஏன் என்று ஒரு தாளில் எழுதிப் புளோக்கின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே போதும், பாதிக் கேள்விகள் அங்கேயே அடங்கிவிடும்.

இதோடு ஒப்பிட்டால் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்த முறை. 2007-ல் அறிமுகமானது, முழுச் செலவும் அரசுடையது, வேலையைச் செய்வது நகர மன்றம். வரைபடங்களைக் கீழ்த்தளத்தில் பலகையாக நிறுத்திவைத்து, குடியிருப்பாளர்களைக் கூப்பிட்டுக் காட்டி, கருத்துக் கேட்டு, அதன்பிறகு வாக்கெடுப்பு. தகுதியுள்ள வீடுகளில் 75 விழுக்காடு ஆதரித்தால்தான் வேலை நடக்கும். என் சித்தி வீட்டுப் பக்கம் அப்படி ஒரு பலகைக் காட்சியில் நின்று பார்த்திருக்கிறேன். படத்தில் அழகான வளைந்த இருக்கை ஒன்று வரைந்திருந்தார்கள். ஒரு தாத்தா ஊன்றுகோலால் அந்தப் படத்தைத் தட்டி, இதில் கைப்பிடி எங்கே, உட்கார்ந்தால் எழுந்திருப்பது எப்படி என்று ஹொக்கியனில் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பையன் அதை ஆங்கிலத்தில் சொல்ல, வரைபடம் பிடித்திருந்த இளம்பெண் உடனே ஒட்டுத்தாளில் எழுதிப் படத்தின் மேலேயே ஒட்டினாள். பிறகு வந்தவர்களில் பலர் அந்த ஒட்டுத்தாளைப் படித்துவிட்டு, ஆமாம் ஆமாம் எங்களுக்கும் கைப்பிடி வேண்டும் என்றார்கள். தாத்தா படிவம் எதையும் நிரப்பவில்லை. அவருடைய யோசனை எழுத்தில் ஏறியது, மற்றவர்களுக்கும் தெரிந்தது. எந்தச் சமூக நிதிக்கும் நான் வைக்கும் அளவுகோல் இதுதான்.

இனி எங்கள் விண்ணப்பம். எந்த நிதி என்று பெயர் சொல்லப்போவதில்லை. குறை சொல்லும் இடங்கள் வரும், அங்கே வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள்.

படிவம் இணையத்தில், அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைய வேண்டும், முழுக்க ஆங்கிலம். திட்டத்தின் நோக்கம், எத்தனை பேர் பயனடைவார்கள், அதை எப்படி அளப்பீர்கள், என்ன விளைவு, அது எவ்வளவு காலம் நிலைக்கும், ஆபத்துகள் என்ன, அவற்றை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று வரிசையாகப் பெட்டிகள். கேள்விகள் தப்பில்லை, பொதுப்பணம் கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பாட்டியிடம் இதைத் தமிழில் சொல்லிப் பதில் வாங்க முயன்றபோது அவர் சொன்னது: "பிள்ளைங்க வரும், விளையாடும், என்னை யாருன்னு தெரிஞ்சுக்கும், அப்புறம் மின்தூக்கியில பாத்தா வணக்கம் சொல்லும்." என்னைக் கேட்டால் முழுத் திட்டமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதைத் தலைமுறைகளுக்கிடையிலான பிணைப்பு, சமூக ஒருங்கிணைப்பு என்று அலுவலக ஆங்கிலத்தில் மாற்றி எழுத எங்கள் குழுவில் ஒரு ஆசிரியை இருந்ததால் வண்டி ஓடியது. அவர் இல்லாமல் பாட்டியும் மக்சிக்கும் மட்டும் இருந்திருந்தால் அந்த முதல் பெட்டியிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

விலைப்பட்டியல் அடுத்தது. ஒவ்வொரு பொருளுக்கும் சில கடைகளில் விலை கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். மடக்கு மேசைக்கும் பாய்க்கும் பிரச்சினை இல்லை, இணையத்திலேயே கிடைத்தது. பல்லாங்குழிப் பலகைக்கு எங்கே போவது? மரத்தில் செய்துதர ஒருவர் கிடைத்தார், அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை. ஒருவர்தான் கிடைத்தார் என்பதற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினோம். சோழியும் புளியங்கொட்டையும் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வாங்கினோம், அந்தக் கடையில் கொடுப்பது கையால் எழுதிய சீட்டு. முத்திரையும் பதிவெண்ணும் இல்லாத சீட்டு செல்லாது என்று திரும்பிவந்தது. கடைக்காரர் பாவம், இருபது வெள்ளிச் சரக்குக்கு முத்திரையைத் தேடி எடுத்து, மையில்லாமல் போய், பக்கத்துக் கடையில் மை வாங்கிக் குத்திக்கொடுத்தார். மற்ற கடைகளின் ரசீது வெப்பத்தாளில் அச்சடித்தது, கொஞ்ச நாள் கழித்து எழுத்து வெளுத்துப்போகும் வகை. யாராவது புதிதாக விண்ணப்பிக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள்: ரசீது கைக்கு வந்த நிமிடமே படம் எடுத்துவிடுங்கள், தேதியும் கடைப்பெயரும் தெரிகிற மாதிரி.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், இதை நான் மனதாரப் பாராட்டுவேன். எதிரே உட்கார்ந்தவர்கள் படிவத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள், அதுவே பெரிய விஷயம். மழை பெய்தால் தரை வழுக்குமே, மூத்தோர் யாராவது விழுந்தால் முதலுதவிக்கு யார், ஒரே இனத்துப் பிள்ளைகள் மட்டும் வந்தால் என்ன செய்வீர்கள், பள்ளித் தேர்வு மாதத்தில் கூட்டம் குறையுமே என்று அவர்கள் கேட்டதெல்லாம் நாங்கள் யோசிக்காதது. அந்தக் கேள்விகளால்தான் தேர்வு மாதங்களில் பெரியவர்களுக்கு மட்டும் நடத்துவது என்று மாற்றினோம். அது திட்டத்தையே நன்றாக்கியது. இரண்டு பலகையும் வேண்டும், ஒன்று போதும் என்று சொல்லாதீர்கள், அவரவர் விளையாட்டு அவரவர் பலகையில்தான் என்று பாட்டி சார்பாக நாங்கள் வாதாடியபோது சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். மக்கள் பணத்தை இப்படி அக்கறையோடு கையாளும் ஆட்கள் இருப்பது எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

நிதி ஒப்புதல் கிடைத்தது. முழுச் செலவுக்கு இல்லை, ஒரு பகுதியை நாங்கள் போட வேண்டும். கிடைக்கும் தொகையிலும் ஒரு பங்கு முதலில், பெரும்பங்கு திட்டம் முடிந்து அறிக்கையும் ரசீதும் கொடுத்த பிறகு. இந்தச் சேவையில் நான் மதிப்பெண்ணை மொத்தமாகக் குறைத்தது இந்த இடத்தில்தான்.

கையிலிருந்து போட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது என்பது வங்கியில் நாலு காசு வைத்திருப்பவருக்கு வெறும் காத்திருப்பு. எங்கள் குழுவில் பலகைக்கு முன்பணம் கொடுத்தவர் பாதுகாவலர் வேலை பார்ப்பவர், பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துவிட்டு வந்து மேசை தூக்கிப் போடுபவர். தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார், எங்களிடம் சொல்லக்கூட இல்லை. அந்த மாதம் மகளின் துணைப்பாடக் கட்டணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார் என்பது பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். பணம் கடைசியில் வந்தது, ஒரு காசு குறையாமல் வந்தது. ஆனால் வருவதற்கு இடைப்பட்ட காலத்தைச் சுமந்தது யார்? நாங்கள் போட வேண்டிய பங்கில் எங்கள் உழைப்பைச் சேர்த்துக்கொள்ள வழி இல்லை. பாட்டி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கும், மக்சிக் வீட்டில் செய்து கொண்டுவரும் கூஇஹ் பலகாரத்துக்கும் அந்தக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். அமைப்பாகப் பதிந்து, கணக்குவழக்கு வைத்து, வருடா வருடம் விண்ணப்பித்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் தடையே இல்லை. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கே மறுபடியும் பாயசம் வருவதுபோல, எப்படிக் கேட்பது என்று தெரிந்தவருக்கே அடுத்த முறையும் சுலபமாகக் கிடைக்கிறது.

இடம் விஷயம் சொன்னேன் இல்லையா. பணம் கொடுப்பவர் ஒருவர், கீழ்த்தளத்தைக் கொடுப்பவர் இன்னொருவர். நிதி ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால் இடம் தானாகக் கிடைத்துவிடாது, நகர மன்றத்திடம் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும், வைப்புத்தொகை கட்ட வேண்டும். அது சரிதான், அதே கீழ்த்தளத்தில் கல்யாணமும் நடக்கும், இறுதிச் சடங்கும் நடக்கும், யாருக்கு முன்னுரிமை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை எங்கள் இடத்தில் துக்க வீடு, நாங்களே பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து புளோக்குக்குப் போனோம், யாருக்கும் மனக்குறை இல்லை. எனக்கு வேண்டியது, நிதியும் இடமும் ஒரே விண்ணப்பத்தில் போக வேண்டும். இரண்டு மேசைகளுக்கு நடுவில் தாள் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலையைத் தொண்டூழியருக்குக் கொடுக்க வேண்டாம்.

எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குழு, வேறொரு வட்டாரம். புதிதாக வந்த வெளிநாட்டு மருமகள்களுக்கு ஈரச்சந்தையில் கூடவே போய்ப் பொருள் வாங்கக் கற்றுக்கொடுக்கிற யோசனை, கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போனது. அவர்களுக்கு நிதி மறுக்கப்பட்டது. வந்த பதில் சில வரிதான், விண்ணப்பங்கள் நிறைய வந்திருந்தன, இம்முறை ஆதரிக்க இயலவில்லை, மீண்டும் முயல வரவேற்கிறோம். எதைச் சரிசெய்துவிட்டு மீண்டும் முயல்வது? வரவுசெலவா, யோசனையா, ஆட்களா? அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை. நேர்காணலில் அவ்வளவு நல்ல கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு மறுப்புக் கடிதத்தில் இரண்டு வரி காரணம் எழுதவும் தெரியும்.

இதெல்லாம் முடியாத காரியமா என்று யாராவது கேட்டால், அதே சமூக மேம்பாட்டு மன்றங்களின் பற்றுச்சீட்டைக் காட்டுவேன். 2021 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 100 வெள்ளி என்று சுமார் 13 லட்சம் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள், 2025 மே மாதம் 500 வெள்ளி வரை வந்துவிட்டது. குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸில் நுழைந்து எடுத்தால் போதும், இணைப்பு கைப்பேசிக்கு வந்துவிடும். கைப்பேசியே வேண்டாம் என்பவர் சமூக மன்றத்துக்குப் போனால் உதவி செய்து, தாளில் அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். 2023 முதல் பாதியைப் பேரங்காடியிலும் பாதியை உணவங்காடி, அக்கம்பக்கக் கடைகளிலும் செலவழிக்கும்படி பிரித்ததால் எங்கள் புளோக் மளிகைக்கடைக்கும் வியாபாரம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வரை ஒரு சேவையைக் கொண்டுபோக நமக்குத் தெரியும், செய்தும் காட்டியிருக்கிறோம். வாங்கிக்கொள்பவராகப் பாட்டியைத் தேடிப்போக முடிந்த நாம், யோசனை கொடுப்பவராகவும் அவரைத் தேடிப்போகலாம்.

நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளிக்கு உட்பட்ட சின்னத் திட்டங்களுக்கு முழுத்தொகையையும் முதலிலேயே கொடுங்கள், ஏமாற்றுபவன் ஒருவன் வருவான் என்று பயந்து நேர்மையான நூறு பேரைக் கடன்பட வைக்காதீர்கள். சமூக மன்றத்தில் வாரத்தில் ஒரு மாலை யாராவது ஒருவர் உட்கார்ந்து, தமிழிலோ மலாயிலோ மாண்டரினிலோ சொல்பவரின் யோசனையைக் கேட்டு அவரே படிவத்தில் எழுதட்டும். நம் நற்பணிச் செயற்குழுக்களில் இதைச் செய்யக்கூடிய ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள், தீபாவளி நிகழ்ச்சிக்கும் பொங்கல் நிகழ்ச்சிக்கும் அவர்கள் ஓடும் ஓட்டத்தைப் பார்த்திருக்கிறேன். தொண்டூழிய நேரத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு அதை எங்கள் பங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் ஏன் என்று சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று தயங்குபவருக்கு என் பதில், கட்டாயம் விண்ணப்பியுங்கள். குழுவில் ஆங்கிலம் எழுதுபவர் ஒருவர், ரசீது சேர்ப்பவர் ஒருவர், வேறு வேறு இனத்து அண்டை வீட்டார் சிலர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முன்பணம் யார் கையிலிருந்து போகிறது என்பதைத் தொடங்கும் முன்பே எல்லாரும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள், ஒருவர் தலையில் விழவிடாதீர்கள். தீபாவளியை ஒட்டி நடத்த நினைத்தால் பல மாதம் முன்பே தொடங்குங்கள், ஒப்புதலுக்கு முன்னால் செய்த செலவைத் திரும்பக் கேட்க முடியாது. கீழ்த்தளத்தை முதலில் பதிவுசெய்துவிட்டு அப்புறம் தேதியைப் படிவத்தில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலைவிடத் தொலைபேசியில் கூப்பிடுவது மேல், எங்களுக்கு எடுத்துப் பேசியவர்கள் பொறுமையாகத்தான் பேசினார்கள்.

எங்கள் சனிக்கிழமை மாலை இன்னும் நடக்கிறது. நிதிக்காலம் முடிந்துவிட்டது, பலகையும் மேசையும் இருப்பதால் இப்போது பெரிய செலவு இல்லை. அடுத்ததாகப் பக்கத்து புளோக்கிலும் தொடங்கக் கேட்கிறார்கள். அதற்கு விண்ணப்பம் போடும்போது, நோக்கம் என்ற பெட்டியில் பாட்டி சொன்ன வாக்கியத்தை அப்படியே தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் தரலாம் என்று ஆசிரியை சொல்கிறார். ஏற்றுக்கொள்கிறார்களா என்பதை முடிவு வந்ததும் எழுதுகிறேன்.